குழந்தையின் உண்டியலில் கை வைக்காதீர்கள்

என் மூத்த மகளுக்கு அப்போது ஆறு வயது. வாசலில் ஒருவர் சில்லறைக்காகக் காத்து நிற்கிறார். என் கையிலோ பெரிய நோட்டுதான் இருக்கிறது. அலமாரியில் அவள் காசு சேர்க்கும் கண்ணாடி பாட்டில் கண்ணில் பட்டது. சாயங்காலம் திரும்பப் போட்டுவிடலாம் என்று நான்கு நாணயங்களை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் மறந்துபோனது. மறுநாளும் மறந்துபோனது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து, காசு கையில் விழுந்த அன்றே எதையாவது வாங்கித் தீர்த்துவிட ஆரம்பித்தாள். அதற்கு முன் மூன்று மாதம் பொறுமையாகச் சேர்த்த பிள்ளை. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "வைத்தால் நீ எடுத்துக்கொள்வாய்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழையில் நின்றால் நனையும் என்பதைப் போலச் சொன்னாள்.

அன்றே அந்த நான்கு நாணயங்களை அவள் கண்முன் எண்ணிப் போட்டேன், மன்னிப்பும் கேட்டேன். அப்படியும் அவள் மறுபடி சேர்க்கத் தொடங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சேமிப்பைப் பழக்குவது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் உண்டியல் வாங்கிக் கொடுப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பெற்றோரின் சொல்லிலிருந்து தொடங்கச் சொல்வேன். 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 3 முதல் 5 வயது வரையிலான 28 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதலில், "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருகிறேன்" என்று ஒவ்வொரு குழந்தையிடமும் சொன்னார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பாதிக்கு, "மன்னித்துக்கொள், இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதன் பிறகு ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னார்கள். சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த குழந்தைகள் பொறுத்தது 3 நிமிடம்தான். இதைப் படித்தபோது எனக்கு என் மகளின் பாட்டில்தான் நினைவுக்கு வந்தது. பொறுமை இல்லாத பிள்ளையாக அவள் மாறிவிடவில்லை. இந்த வீட்டில் காசை வைத்தால் போய்விடும் என்று சரியாகக் கணக்குப் போட்டிருந்தாள்.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். மகளுக்கு இப்போது 13 வயது, மகனுக்கு 8. இந்த இருவரோடும் பழகியதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

முதலில் காசு கையில் புழங்கட்டும்

மூன்று வயது ஆகாத குழந்தையிடம் நாணயத்தைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள். வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் சிக்கும். அந்த வயதில் கடைக்கு உடன் வந்து, கொடுக்கல் வாங்கலை வேடிக்கை பார்த்தாலே போதும்.

நான்கு வயதில் விளையாட்டாகத் தொடங்கலாம். ஒரு பக்கம் ஒன்று மதிப்புள்ள மூன்று நாணயங்களையும், இன்னொரு பக்கம் ஐந்து மதிப்புள்ள ஒரே நாணயத்தையும் வைத்து, எது வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றைத்தான் அள்ளும். அந்த வயதுக் கண்ணுக்கு எண்ணிக்கை தெரிகிறது, மதிப்பு தெரிவதில்லை. "தப்பு, இதுதான் பெரியது" என்று விளக்கிப் பயனில்லை. நான் ஒரு பொத்தான் கடை வைத்தேன். தட்டில் பல நிறப் பொத்தான்களைப் பரப்பி, சிவப்புப் பொத்தானுக்கு ஐந்து என்று விலை சொன்னேன். மகன் மூன்று நாணயத்தைத் தள்ளினான், பொத்தான் வரவில்லை. அந்த ஒற்றை நாணயத்தைத் தள்ளினான், வந்தது. நான்கைந்து நாள் இப்படி விளையாடிய பிறகு, மூன்று நாணயத்தையும் ஒற்றை நாணயத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தானாகவே சிரித்தான். அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

மீதிச் சில்லறை இன்னொரு சிக்கல். கடைக்காரர்தான் எல்லாருக்கும் பணம் தருகிறார் என்று சிறு குழந்தைகள் நினைப்பதுண்டு. இத்தாலிய ஆய்வாளர்களான அன்னா எமிலியா பெர்ட்டியும் அன்னா சில்வியா பொம்பியும் பணத்தைப் பற்றிக் குழந்தைகள் எப்படி நினைக்கிறார்கள் என்பதை விரிவாக ஆராய்ந்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கும் குழந்தைகளிடமிருந்து இந்தப் பதில் வந்திருக்கிறது. யோசித்தால் அதில் நியாயம் தெரியும். நாம் ஒரு தாளை நீட்டுகிறோம். அவர் பொருளையும் கொடுத்து, நான்கைந்து நாணயங்களையும் தருகிறார். பார்க்கிற கண்ணுக்கு அவர் கொடுத்ததுதான் அதிகம். ஆகவே வீட்டுக்கு வந்ததும் அதையே மேசையில் நடத்திக் காட்டுங்கள்: பத்து கொடுத்தோம், பொருளின் விலை ஏழு, நம்முடைய மூன்று நம்மிடமே திரும்பி வந்தது. "நம்முடைய மூன்று" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள்.

போனிலும் அட்டையிலும் பணம் கொடுக்கும் வீடுகளில் இது இன்னும் கடினம். எதுவும் கைமாறுவது குழந்தைக்குத் தெரிவதில்லை. பிள்ளைகள் உடன் வரும் நாளில் மட்டுமாவது நான் ரொக்கம் எடுத்துச் செல்வேன், அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்வேன். போனில் கொடுக்க நேர்ந்தால், கொடுப்பதற்கு முன் கணக்கில் எவ்வளவு இருந்தது, கொடுத்த பின் எவ்வளவு இருக்கிறது என்று திரையைக் காட்டுவேன். குறைந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தால் போதும்.

ஒரு சட்டையின் கணக்கு

மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, தைத்த துணியை வாங்க வந்தவர் கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். "அவர் ஏன் உனக்குக் காசு கொடுத்தார்?" என்று கேட்டான். நாள் முழுவதும் என் மெஷினுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு நான் செய்வது வேலை என்பதே தெரியவில்லை. அம்மா எப்போதும் இருக்கும் இடம் அது, அவ்வளவுதான்.

அடுத்த சட்டையை அவனை உடன் வைத்துக்கொண்டு தைத்தேன். டேப்பின் ஒரு முனையை அவன் பிடித்தான். சாக்பீஸால் நான் கோடு போட, துணியை அசையாமல் அழுத்திக்கொண்டான். கீழே விழுந்த ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்கி எடுத்தான். காலர் சரியாக உட்காரவில்லை, பிரித்து மறுபடி தைத்தேன். "ஏன் பிரிக்கிறாய்? யாருக்கும் தெரியாதே" என்றான். "போட்டுக்கொள்கிறவருக்குத் தெரியும்" என்றேன். காலையில் தொடங்கிய வேலை முடிய மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் இரண்டு முறை எழுந்து ஓடிவிட்டுத் திரும்பி வந்தான். அதுவும் நல்லதுதான். வேலை என்பது சலிப்பு வந்தாலும் முடிக்க வேண்டிய ஒன்று என்பதை நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூலி வந்ததும், அதற்கு ஈடாகப் பத்து நாணயங்களை வெட்டுமேசையில் வரிசையாக வைத்தேன். நூலுக்கும் பொத்தானுக்கும் காலருக்குள் வைத்த கேன்வாஸுக்கும் இரண்டை நகர்த்தச் சொன்னேன். மின்சாரத்துக்கு ஒன்று. மெஷின் பழுதானால் சரிசெய்ய ஒன்று. ஒவ்வொன்றையும் அவன் விரலாலேயே தள்ளினான். ஆறு மிஞ்சியது. "இவ்வளவுதானா?" என்றான். "இவ்வளவுதான். வீட்டு வாடகை, சாப்பாடு, உன் நோட்டுப் புத்தகம் எல்லாம் இதிலிருந்துதான்" என்றேன். அவன் அந்த ஆறு நாணயங்களையும் ஒரு விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு தடவை எண்ணினான்.

அன்றிலிருந்து எதையும் கேட்காத பிள்ளையாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் சில வாரம் கழித்து ஒரு பொம்மையைக் காட்டி, "இதற்கு எத்தனை சட்டை தைக்க வேண்டும்?" என்று கேட்டான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலையை இப்படிக் காட்ட முடியாது என்று தோழிகள் சொல்வார்கள். கையால் காட்ட முடியாவிட்டாலும் ஆளைக் காட்டலாம். இன்று யாருக்கு என்ன செய்து கொடுத்தீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "ஒருவருடைய கணக்கில் தப்பு இருந்தது, கண்டுபிடித்துத் திருத்தினேன்." "பெரிய வண்டிகள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போட்டேன்." வேலை என்றால் இன்னொருவருக்குத் தேவையான ஒன்று என்பது குழந்தைக்குப் பிடிபட வேண்டும். சமைப்பதும் துணி துவைப்பதும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதும் அப்படிப்பட்டவைதான். அவற்றுக்குக் கூலி வருவதில்லை, ஆனால் அவையும் வேலைதான். இதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால், காசு கொண்டுவருகிறவர் மட்டும்தான் வேலை செய்கிறார் என்று பிள்ளை நினைத்துவிடும்.

வீட்டு வேலைக்குக் காசு கொடுக்கலாமா

நான் கொடுத்துப் பார்த்தேன், நிறுத்திவிட்டேன். துவைத்த துணிகளை மடித்து வைத்தால் ஒரு காசு என்று மகனுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் ஒழுங்காக மடித்தான். மூன்றாவது வாரம் கூப்பிட்டபோது, "இன்று எனக்குக் காசு வேண்டாம், அதனால் மடிக்கவில்லை" என்றான். அவன் மீது குற்றம் சொல்ல முடியாது. நான்தான் வீட்டு வேலையை வியாபாரமாக்கிக் கொடுத்திருந்தேன், அவன் வியாபாரியாகப் பதில் சொன்னான். உளவியல் ஆய்வாளர்களான ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 20 மாதக் குழந்தைகளே உதவி செய்ததற்குப் பரிசுப் பொருள் கிடைக்கத் தொடங்கிய பின், பரிசு நின்றபோது குறைவாக உதவினார்கள். வெறும் பாராட்டு மட்டும் பெற்ற குழந்தைகளும், எதுவுமே பெறாத குழந்தைகளும் தொடர்ந்து உதவினார்கள்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது இப்படி வைத்திருக்கிறோம். சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, படுக்கையைச் சுருட்டுவது, துணி மடிப்பது இவையெல்லாம் வீட்டில் இருக்கிறவர்களின் பங்கு. அதற்கு யாருக்கும் கூலி கிடையாது, எனக்கும் கிடையாது. ஆனால் நான் காசு கொடுத்து வெளியே செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளை செய்தால் கூலி உண்டு. கலந்து கிடக்கும் பொத்தான்களை நிறம், அளவு, துளை எண்ணிக்கை பார்த்துப் பிரிப்பது என் வீட்டில் அப்படிப்பட்ட வேலை. உங்கள் வீட்டில் வேறொன்று இருக்கும்.

கூலி வேலை என்றால் முன்கூட்டியே மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம், கூலி எவ்வளவு, எப்போது கிடைக்கும். மகள் முதல்முறை பிரித்தபோது நான்கு துளைப் பொத்தான்களையும் இரண்டு துளைப் பொத்தான்களையும் ஒரே டப்பாவில் போட்டிருந்தாள். பாதிக் கூலி கொடுக்கத் தோன்றியது. அப்படிச் செய்யவில்லை. எங்கே தவறு என்று காட்டி, சரிசெய்த பிறகு முழுக் கூலியும் கொடுத்தேன். குறைத்துக் கொடுத்தால், அரைகுறை வேலைக்கும் ஒரு விலை உண்டு என்று பழகிவிடும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அரைமணி நேரத்துப் பழக்கம் மட்டுமே. பிள்ளையின் விளையாட்டையோ படிப்பையோ தூக்கத்தையோ கெடுக்கும் அளவுக்குப் போனால் அதற்குப் பெயர் வேறு. வேலைக்குச் சேரக் குறைந்தபட்ச வயதைக் கட்டாயக் கல்வி முடியும் வயதோடு இணைத்து, பொதுவாக 15-க்குக் குறையக் கூடாது என்று 1973-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் 138-ஆவது உடன்படிக்கையில் வைத்தது இதற்காகத்தான்.

வாரக் காசு

ஐந்து, ஆறு வயதில் வாரம் ஒருமுறை சிறு தொகை கொடுக்கத் தொடங்கலாம். எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் அளவுகோல் இது: ஒரு வாரக் காசில் அற்பமாக ஏதாவது ஒன்று வாங்க முடிய வேண்டும், நான்கு வாரக் காசில் அதைவிடத் தெளிவாக நல்லது ஒன்று வாங்க முடிய வேண்டும், மொத்தமும் வீணாய்ப் போனாலும் வீட்டுக்கு வலிக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் பொருந்தும் தொகை எதுவோ அதைக் கொடுங்கள்.

ஒரே நாணயமாகக் கொடுக்காதீர்கள். பிரித்து வைக்கும்படி சில்லறையாகக் கொடுங்கள். கிழமையை மாற்றாதீர்கள். பிள்ளை கேட்டு நினைவுபடுத்தும் நிலைக்கு வைக்காதீர்கள். நான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன், மறந்த வாரம் மறுநாள் ஒரு காசு கூடுதலாகக் கொடுக்கிறேன், ஏனென்றால் தாமதத்துக்கு விலை உண்டு. தண்டனையாகப் பிடித்துக்கொள்வதும் கூடாது. தம்பியை அடித்ததற்கும் காசுக்கும் சம்பந்தம் இல்லை. அதற்கு வேறு கண்டிப்பு இருக்கட்டும்.

எட்டு, ஒன்பது வயதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டில் மாதத்துக்கு ஒருமுறை என்று இடைவெளியை நீட்டலாம். தொகையோடு பொறுப்பும் கூடட்டும். என் மகள் இப்போது தன் பேனா, பென்சில், தோழிகளின் பிறந்தநாள் பரிசு எல்லாவற்றையும் தன் மாதக் காசிலேயே பார்த்துக்கொள்கிறாள்.

சேர்ப்பது

மண் உண்டியலைவிடக் கண்ணாடி பாட்டில் நல்லது என்பது என் அனுபவம். ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாட்டிலின் வெளியே ஒரு தாள் துண்டை ஒட்டி, வாங்க நினைக்கும் பொருளைப் பிள்ளையையே வரையச் சொல்லுங்கள். எத்தனை வாரம் ஆகுமோ அத்தனை கட்டங்களைப் போட்டு, வாரம் ஒன்றாக வண்ணம் தீட்டட்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் இலக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒருமுறை எட்டிவிட்ட பிறகுதான் அடுத்ததை நீட்ட வேண்டும். சைக்கிளுக்காக ஆறு மாதம் சேர் என்று முதல் தடவையே சொன்னால், மூன்றாவது வாரத்தில் பாட்டில் தூசி படிந்துவிடும்.

பொறுத்திருப்பது மனத்திடம் சார்ந்தது என்று பெரியவர்கள் நினைக்கிறோம். குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் தந்திரம். 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் நடத்திய புகழ்பெற்ற மிட்டாய்ச் சோதனைகளில், நீண்ட நேரம் பொறுத்த குழந்தைகள் மிட்டாயை முறைத்துப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், வேறு எதையாவது நினைத்தார்கள். மிட்டாயை மூடி வைத்தபோது குழந்தைகள் சராசரியாக அதிக நேரம் பொறுத்தார்கள். அதனால் பிள்ளையிடம் "ஆசையை அடக்கு" என்று சொல்லாதீர்கள். அந்தக் கடை இருக்கும் பக்கம் போகாமல் வேறு தெருவாக வாருங்கள். காசைச் சட்டைப் பையில் வைக்காமல் பாட்டிலில் போடச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். பொறுத்த குழந்தைகள்தான் பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். 2018-இல் டைலர் வாட்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, அந்தத் தொடர்பு முன்பு சொன்னதில் பாதி அளவுதான் இருந்தது. குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது இன்னும் மெலிந்துபோனது. ஆகவே நான்கு வயதில் மிட்டாயை உடனே தின்றுவிட்ட பிள்ளையைப் பார்த்து, "இது ஊதாரி" என்று பெயர் வைத்துவிடாதீர்கள். வைத்த பெயர் ஒட்டிக்கொள்ளும்.

வட்டியைச் சொல்லித்தர நான் பொத்தான்களை எடுத்தேன். மிச்சத் துணி ஒன்றில் சாக்பீஸால் பத்துக் கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே வைக்கச் சொன்னேன். ஐந்தாவது கட்டம் வரை மகனுக்கு அலுப்பாக இருந்தது. எட்டாவது கட்டத்துக்கு 128 எண்ண வேண்டியிருந்தது, துணியில் இடம் போதவில்லை. ஒன்பதாவதுக்கு 256 வேண்டும். டப்பாவில் கைவிட்டுத் துழாவினான், அறுபது, எழுபது கூடத் தேறவில்லை. "கொஞ்சமாகத்தானே ஆரம்பித்தோம்?" என்று அக்காவிடம் கேட்டான். அதன் பிறகு வீட்டிலேயே வட்டி வைத்தேன்: மாதக் கடைசியில் பாட்டிலில் இருக்கும் ஒவ்வொரு பத்துக் காசுக்கும் ஒரு காசு நான் போடுவேன். எந்த வங்கியும் இப்படிக் கொடுக்காது என்பதையும் மகளிடம் சொல்லிவிட்டேன். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிக்க ஏறக்குறைய எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. கடன் வாங்கினாலும் அதே கணக்குதான், ஆனால் நமக்கு எதிராக ஓடும். இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

பாட்டில் நிறைந்ததும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் வங்கியில் போடுங்கள். போட்ட அதே நாணயங்கள் தனக்கென ஒரு பெட்டிக்குள் இருக்கும் என்றுதான் சிறு பிள்ளைகள் நினைப்பார்கள். வங்கி அதை வேறொருவருக்குக் கடனாகக் கொடுக்கும், அவர் கொடுக்கும் வட்டியில் ஒரு பங்குதான் நமக்கு வருகிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள்.

செலவு

அவர்களுடைய காசு என்றால் அவர்களுடையதுதான். மகன் ஒருமுறை ஐந்து வாரம் சேர்த்து, சாவி கொடுத்தால் ஓடும் வண்டி ஒன்றை வாங்கினான். கையில் எடுத்ததுமே அதன் சாவி ஆடுவது எனக்குத் தெரிந்தது. "நாளைக்கும் இது வேண்டும் என்று தோன்றுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தோன்றும் என்றான். இரண்டாம் நாள் சாவி கழன்று வந்துவிட்டது. அழுதான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேறு வண்டி வாங்கித் தரவில்லை, "நான் அப்போதே நினைத்தேன்" என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் செய்யாமல் இருப்பதுதான் பெற்றோருக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை. அடுத்த தடவை கடையில் அவனாகவே ஒரு பொம்மையின் சக்கரங்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான்.

பெரிய பிள்ளைகளுக்கு ஆசைப்பட்டியல் உதவும். வேண்டும் என்று தோன்றும் பொருளைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும், ஏழு நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். மகள் பத்து வயதில் எழுதிய முதல் பட்டியலில் 11 பொருள்கள் இருந்தன. எட்டை அவளே அடித்துவிட்டாள்.

விளம்பரங்களை உடன் உட்கார்ந்து பாருங்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, விளம்பரம் தன்னை வாங்க வைக்கத்தான் பேசுகிறது என்று புரிந்துகொள்ளும் பக்குவம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இல் சொன்னது. "இதை யார் சொல்கிறார்கள்? நாம் வாங்கினால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டுத்தான் அது பழகும். போன் விளையாட்டுகளுக்குள் காசு கேட்கும் வசதியை மட்டும் பேசிக்கொண்டிருக்காமல் கடவுச்சொல் போட்டு அடைத்துவிடுங்கள்.

பிறருக்குக் கொடுப்பதற்கென ஒரு சிறிய டப்பா தனியாக இருக்கட்டும். யாருக்கு என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

உண்மையாகவே காசு இல்லாதபோது

கடையில் பிள்ளை அடம்பிடிக்கும்போது "காசு இல்லை" என்று சொல்லி விடுபடுவது எளிது. அடுத்த நிமிடமே நாம் வேறொன்றுக்குக் காசு எடுத்து நீட்டுகிறோம், அதைப் பிள்ளை பார்க்கிறது. "இன்று இதை வாங்க வரவில்லை" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை. "காசு இல்லை" என்ற சொல்லை, அது உண்மையாக இருக்கும் நாளுக்காகப் பத்திரமாக வைத்திருங்கள்.

எங்களுக்கு அந்த நாள் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சில மாதங்கள் தையலுக்குத் துணி வருவது பாதியாகக் குறைந்தது. இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: வேலை குறைந்திருக்கிறது, சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் இருக்கிறது, புதிதாக எதுவும் கொஞ்ச நாளைக்கு வாங்க முடியாது, வாரக் காசு பாதியாகும். பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று இரண்டையும் பிரித்துச் சொன்னேன். பிள்ளைகள் எப்படியும் நம் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் இருப்பதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வார்கள்.

அந்த வாரம் மெஷினின் மோட்டார் நின்றுபோனது. மகள் தன் பாட்டிலைக் கொண்டுவந்து வெட்டுமேசையில் வைத்தாள். வேண்டாம் என்றுதான் முதலில் சொல்ல வந்தேன். அதற்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. ஒரு தாளை எடுத்து, எத்தனை காசு வாங்குகிறேன், எந்தத் தேதியில் திருப்பித் தருவேன், கூட எத்தனை தருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். தாளைப் பாட்டிலைச் சுற்றி ரப்பர் பேண்டால் கட்டி, பாட்டிலை அலமாரியிலேயே வைத்தோம்.

குறித்த தேதியன்று அவள் எழுந்திருப்பதற்கு முன்பே காசை எண்ணி மேசையில் வைத்திருந்தேன். அவள் மறுபடி ஒருமுறை எண்ணினாள். ஒவ்வொன்றாகப் பாட்டிலில் போட்டாள். பிறகு தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டு என்னிடம் நீட்டினாள். இதையெல்லாம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த மகன், தன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்னிடம் எப்போது கடன் வாங்குவாய்?" என்று கேட்டான்.